ஊழிய அறிக்கையில் என்ன எழுதுவது: எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாலை

செயலர் அண்ணன்: எல்லாருக்கும் தோத்திரம். 31ஆம் தேதி இரவு ஆராதனையில் 2024 ஊழிய அறிக்கை வாசிக்க வேண்டும். இரண்டு பக்கம் போதும். யார் யார் என்ன செய்தீர்கள் என்று இங்கேயே எழுதிவிடுங்கள், நான் தொகுத்துக்கொள்கிறேன். குரல் பதிவு வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

பொருளாளர் ஐயா: கிறிஸ்துமஸுக்குச் சேலை, வேட்டி, போர்வை கொடுத்ததை முதலில் போடுங்கள். ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரத்துக்கு அரிசியும் பாயும் அனுப்பியதையும் சேர்க்க வேண்டும். காணிக்கை கொடுத்தவர்கள் அதைத்தான் கேட்பார்கள், போட்டோவும் இருக்கிறது.

வாலிபர் குழு தம்பி: ஜூன் 14 ரத்த தான முகாம் 🙏 அப்புறம் இந்த வருடம் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் எண்ணிக்கையையும் அதே பத்தியில் போட்டால் நன்றாக இருக்கும் அண்ணா, ஊழியத்தின் பலன் தெரியும்.

டீச்சர் அக்கா: தம்பி, அதே பத்தியில் வேண்டாம்.

டீச்சர் அக்கா: காரணம் சொல்கிறேன். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் நம் சபைப் பிள்ளைகள் இல்லை. போன வருடம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில், டிசம்பர் 4ஆம் தேதியிலிருந்து கரண்ட் இல்லாமல், பால் பாக்கெட்டும் கிடைக்காமல் இருந்த அந்த வாரம், நம் ஹாலில் வந்து தங்கிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் அவர்கள். தண்ணீர் வடிந்து வீட்டுக்குப் போன பிறகும் புத்தகப் பையோடு திரும்பி வந்தார்கள், ஏனென்றால் பாடப் புத்தகம் எல்லாம் நனைந்து போயிருந்தது, எங்களிடம் பழைய புத்தகங்கள் இருந்தன. அவ்வளவுதான் இந்த வகுப்பின் ஆரம்பம். அறிக்கையில் அந்தப் பிள்ளைகளையும் ஞானஸ்நானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், நாளைக்கு அந்த அம்மாக்கள் ‘இதற்காகத்தான் சொல்லிக் கொடுத்தீர்களா’ என்று கேட்பார்கள். அவர்கள் அப்படிக் கேட்க நாம் இடம் கொடுக்கக் கூடாது.

போதகர் ஐயா: அக்கா சொல்வது சரி. ஞானஸ்நானம் நம் சபைப் பதிவேட்டில் இருக்கட்டும். விசுவாசித்து, தானே முடிவெடுத்து வருகிறவருக்குத்தான் நாம் முழுக்கு கொடுக்கிறோம், குழந்தைக்குக்கூடக் கொடுப்பதில்லை. அப்படியிருக்கும்போது அரிசிப் பைக்கு அது பதில் மாதிரி தெரியவே கூடாது. தம்பி, உன் ஆர்வம் எனக்குப் புரிகிறது, வேறு இடத்தில் வாசிப்போம்.

வாலிபர் குழு தம்பி: சரிங்க ஐயா.

நர்ஸ் சிஸ்டர்: டூட்டியில் இருக்கிறேன், நடுவில் நடுவில்தான் எழுத முடியும். ரத்த தானம் பற்றி: முகாமுக்கு வந்த நிறைய அக்காக்கள் ரத்தம் கொடுக்கத் தேவையான ஹீமோகுளோபின் 12.5 இல்லாமல் திரும்பிப் போனார்கள். அறிக்கையில் எத்தனை யூனிட் என்பதைவிட அதைத்தான் எழுத வேண்டும். அவர்களில் சிலரைப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்.

நர்ஸ் சிஸ்டர்: இன்னொன்று. காசநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒரு அண்ணன், பெயர் வேண்டாம். ஆறு மாத சிகிச்சையில் இரண்டாவது மாதமே இருமல் நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை விட்டுவிட்டார். அங்கேதான் ஆபத்து, பாதியில் விட்டால் கிருமிக்கு மருந்து கேட்காமல் போய்விடும். நம் வாலிபர்கள் முறை வைத்துத் தினமும் அவர் வீட்டுக்குப் போய் டீ குடித்துவிட்டு, மாத்திரை போட்டதைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அரசு கொடுக்கும் சத்துணவுப் பணம் நவம்பரிலிருந்து மாதம் 500 ரூபாயிலிருந்து 1000 ஆகியிருக்கிறது, அவருக்கோ வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்ததால் ஒன்றும் வரவில்லை. அதைச் சரிசெய்யவும் கூடவே போனார்கள். இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. இதை எந்த போட்டோவில் காட்டுவது?

பொருளாளர் ஐயா: சிஸ்டர், நான் சேலை கொடுப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது என்றுதான் சொல்கிறேன். வயதானவர்கள் வருடம் முழுக்க அதை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். புதுச் சேலை கட்டி ஆலயத்துக்கு வருவது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

நர்ஸ் சிஸ்டர்: உண்மைதான் ஐயா, அதை நிறுத்தச் சொல்லவில்லை. டிசம்பரில் செலவழிக்கிற அளவுக்கு மற்ற பதினொரு மாதமும் செலவழிக்க வேண்டும் என்கிறேன்.

பெரியவர்: நான் ஒன்று சொல்லட்டுமா. சிறு வயதில் எங்கள் அப்பா கொல்லிமலை பிராண்ட் ஐயாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஜெஸ்ஸி பிராண்ட், ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனில் வந்தவர். மலையில் நரம்புச் சிலந்தி என்று ஒரு நோய், காலில் புழு வெளியே வரும், பார்க்கவே சகிக்காது. அந்தக் காலோடு ஆட்கள் நீர்நிலையில் இறங்கும்போது புழுவின் குஞ்சுகள் தண்ணீரில் கலந்துவிடும், அதைக் குடிப்பவருக்கு மறுபடியும் நோய். அவர் புழுவை எடுத்து மருந்து போட்டதோடு நிற்காமல், யாரும் உள்ளே இறங்காதபடி கிணற்றைச் சுற்றிக் கல்சுவர் கட்டுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லி நடந்தார். 1929இல் காய்ச்சலில் இறந்துபோனார். மனைவி எவ்லின் அம்மா முதுமையிலும் மலைக்கே திரும்பி வந்து, 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை ஊழியம் செய்தார். வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் இவர்கள் மகன்தான்.

பெரியவர்: இந்தியாவில் அந்தச் சிலந்தி நோய் கடைசியாக வந்தது 1996இல். மருந்து கொடுத்து மட்டும் ஒழியவில்லை, தண்ணீரைச் சரிசெய்து ஒழிந்தது. நாமும் கொடுத்துவிட்டு வந்தால் போதாது, ஏன் மறுபடி மறுபடி கேட்கும் நிலைமை வருகிறது என்று பார்க்க வேண்டும். பட்டணத்துச் சபைக்கு அதுதான் கிணற்றுச் சுவர்.

டீச்சர் அக்கா: தாத்தா 🙏🙏 பெரும்பாக்கம் ஞாபகம் வந்துவிட்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் கூவம் கரையில் இருந்தவர்களை ஊருக்கு வெளியே அங்கே குடிபெயர்த்தார்களே, அவர்களில் நம் சபைக் குடும்பங்களும் உண்டு. வேலை இங்கே, வீடு அங்கே. அம்மா விடியற்காலையில் வீட்டு வேலைக்குக் கிளம்பி இரண்டு பஸ் மாறி வந்தால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப ஆள் இல்லை. பெண் பிள்ளை என்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளே நின்றுவிடுகிறாள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு என்பது அவளுக்குத் தெரிந்தாலும், பன்னிரண்டாம் வகுப்பு வரை யார் அவளைக் கொண்டு சேர்ப்பது? நாம் வருடத்துக்கு ஒரு முறை கேக்கோடு போய் வருகிறோம். அது போதாது என்று அறிக்கையிலேயே எழுதுங்கள் அண்ணா, தயவுசெய்து.

செயலர் அண்ணன்: எழுதுகிறேன் அக்கா. போதாது என்று எழுதினால் என்ன செய்யப் போகிறோம் என்றும் எழுத வேண்டுமே.

போதகர் ஐயா: இரண்டு காரியம் எழுதுங்கள். ஒன்று, பெரும்பாக்கத்தில் நம் குடும்பங்கள் இருக்கும் இடத்திலேயே காலையில் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்குக் கூட்டிப்போக ஒரு அக்காவுக்கு மாதச் சம்பளம். வெளியாள் வேண்டாம், அங்கே குடியிருப்பவராகவே பார்ப்போம். இரண்டு, ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் கூடப் போக ஆட்கள். படிக்கத் தெரியாதவர்கள் தனியாகப் போய் வரிசையில் நின்று, ஒரு தாள் குறைகிறது என்று திரும்பி வருகிறார்கள். அடுத்த நாள் கூலியும் போகிறது, பிறகு போவதையே விட்டுவிடுகிறார்கள்.

பொருளாளர் ஐயா: சம்பளம் என்றால் மாதா மாதம் வர வேண்டும். விசேஷக் காணிக்கையை நம்ப முடியாது. பொது நிதியில் வைக்கலாம் என்றால் சபைக் கூட்டத்தில் ஓட்டுக்கு விட வேண்டும். கூட்டத்தில் நானே முன்மொழிகிறேன்.

டீச்சர் அக்கா: ஐயா, ரொம்ப நன்றி. மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு, அதற்குள் ஓட்டு முடிந்தால் நல்லது.

வாலிபர் குழு தம்பி: அண்ணா, மூன்றாவது தெரு ஆயாவுக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்கச் சொன்னீர்களே, வருமானச் சான்று வந்துவிட்டது. குடும்ப வருமானம் வருடம் 1,20,000க்குள்தான், அதனால் பிரச்சினை இல்லை. கலெக்டர் ஆபீஸுக்கு ஆயாவை நேரில் கூட்டிப்போக வேண்டும், போட்டோவும் கைரேகையும் எடுப்பார்கள். அவரால் பஸ் ஏற முடியாது, ஆட்டோ சொல்லட்டுமா?

நர்ஸ் சிஸ்டர்: வெள்ளிக்கிழமை எனக்கு ஆஃப். நானும் வருகிறேன். ரேஷன் கார்டு, ஆதார் இரண்டும் ஒரிஜினல் எடுத்துக்கொள், பிரஷர் மாத்திரை போட்டுவிட்டுக் கிளம்பச் சொல்.

பொருளாளர் ஐயா: ஆட்டோ ரசீது என்னிடம் கொடுங்கள்.