பெடூலாஸ் கூரை துருக்கியரிடமிருந்து மறைக்கவா?

ஊர்சுற்றி: சைப்ரஸ் போகிறவர்கள் ட்ரூடோஸ் மலையில் பெடூலாஸ் கிராமத்தைத் தவற விடாதீர்கள். தேவதூதர் மிக்கேலின் தேவாலயம் வெளியே வைக்கோல் கொட்டகை மாதிரி, உள்ளே சுவர் முழுக்க ஓவியம். துருக்கியர் கண்ணில் படக்கூடாது என்றுதான் இப்படிச் சரிவான ஓட்டுக்கூரை போட்டார்களாம். வழிகாட்டி சொன்னார்.

பழையஓலை: அந்தத் தேவாலயம் 1474இல் கட்டியது. ஒட்டோமான் துருக்கியர் படை தீவைப் பிடித்தது 1570-71இல். நூறு வருஷம் கழித்து வரப்போகிறவனுக்கு அப்போதே கூரை போட்டார்களா? ஜோசியம் பார்த்துக் கட்டினார்களோ?

ஊர்சுற்றி: கான்ஸ்டான்டிநோபிள் 1453லேயே துருக்கியரிடம் விழுந்தாச்சு. பயம் இருக்காதா? எதற்கெடுத்தாலும் தேதியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். துருக்கியின் கப்படோக்கியா பற்றி முன்பு பேசிய இழையிலும் இதே கதை.

பழையஓலை: அங்கே பதில் சொல்லாமல் ஓடியவர் நீங்கள்தான். சரி, கூரைக்கு வாருங்கள். ககோபெட்ரியா பக்கத்தில் புனித நிக்கோலஸ் தேவாலயம், 11ஆம் நூற்றாண்டு. குவிமாடத்துக்கு மேலேயே இன்னொரு மரக்கூரை போட்டார்கள், துருக்கியர் வருவதற்குப் பல நூறு வருஷம் முன்பே. ஊர் வழக்கில் 'கூரை நிக்கோலஸ்' என்றே பெயர். காரணம் பனியும் மழையும். ட்ரூடோஸின் ஒலிம்பஸ் சிகரம் 1952 மீட்டர், குளிர்காலத்தில் பனிச்சறுக்கே நடக்கிறது. சுவரில் ஈரம் இறங்கினால் பூச்சோடு ஓவியமும் உதிரும்.

தேனிக்காரன்: இதே மாதிரி ஓவியம் உள்ள அசீனு தேவாலயம் மலையடிவாரத்தில்தானே இருக்கிறது? அங்கே என்ன பனி? ஆனால் அதே கூரை!

பழையஓலை: அங்கே மழையும் பெய்யாதா தம்பி?

மலர்விழி: கூரையை விட்டு உள்ளே பாருங்களேன். வடக்குச் சுவரில் மிக்கேல் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறார். தேவாலயத்தைக் கட்டக் காசு கொடுத்த பாதிரியார் பசில், மனைவி, இரண்டு மகள்களோடு அதன் சின்ன உருவத்தை அவரிடம் நீட்டுகிறார். வரைந்தவர் மினாஸ். நாங்கள் போனபோது ஒருவர் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், வயிறு எரிந்தது.

தேனிக்காரன்: ஒரு ஃபிளாஷில் 500 வருஷ ஓவியம் போய்விடுமா? ட்ரூடோஸின் இந்த ஒன்பது ஓவியத் தேவாலயங்களுக்கும் யுனெஸ்கோ காவல் இருக்கிறது அக்கா.

பழையஓலை: பத்து. யுனெஸ்கோ பட்டியலில் 1985இல் ஒன்பது, 2001இல் பலைகோரி ஊர்த் தேவாலயம் சேர்ந்தது. எண்ணிக்கையே தெரியாமல் அசீனுவுக்குப் போய்விட்டார்.

தேனிக்காரன்: நான் போய்ப் பார்த்தவன். நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூரை வேய்கிறீர்கள்.

ஊர்சுற்றி: அதான்! வழிகாட்டி அந்த ஊர்க்காரர். அவர் தாத்தா காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். அது பொய்யா?

பழையஓலை: தாத்தா 1474இல் இருந்தாரா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் நான் என்ன செய்வது! 1571இலிருந்து 1474ஐக் கழியுங்கள்.

மலர்விழி: லிமாசோலிலிருந்து பேருந்து இருக்கிறதா, யாராவது சொல்லுங்களேன்?

ஊர்சுற்றி: கழித்தாயிற்று. மறைக்கத்தான் போட்டார்கள்.

பழையஓலை: யாரிடமிருந்து? துருக்கியருக்கு முன் தீவை ஆண்ட வெனிஸ்காரனிடமிருந்தா?