ஷாங்காயின் "லிங்லோங்" வெறும் அலங்கார இதழ்தானா?

கேள்வி

வணக்கம். 1931 முதல் 1937 வரை ஷாங்காயில் வெளிவந்த "லிங்லோங்" வார இதழின் பக்கங்களைக் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத் தளத்தில் பார்த்து வருகிறேன். எனக்குச் சீனம் தெரியாது. கையடக்கமான அந்த இதழின் அட்டையில் பெரும்பாலும் ஓர் இளம்பெண்ணின் ஒளிப்படம். உள்ளே உடை, சிகையலங்காரம், ஹாலிவுட் செய்திகள். பெண்கள் வரலாற்றை எழுதுவோர் இதற்கு இவ்வளவு இடம் தருவது ஏன்? இதற்கு முந்தைய "ஃபூன்யூ ட்ஸாஜி" ("பெண்கள் இதழ்")தானே கனமான இதழ்?

மறுமொழி 1

கனமான இதழ்தான், ஆனால் தொடக்கத்திலிருந்தே அப்படி இருக்கவில்லை. 1915இல் ஷாங்காயின் கமர்ஷியல் பிரஸ் பதிப்பகம் அதைத் தொடங்கியபோது, நல்ல மனைவியாகவும் அறிவுள்ள தாயாகவும் இருப்பதற்கான பாடங்களே அதில் மிகுந்திருந்தன. 1919இல் மாணவர் போராட்டமாகத் தொடங்கிப் பழைய மரபுகளைக் கேள்விக்குள்ளாக்கிய மே நான்கு இயக்கத்துக்குப் பிறகு, 1921இல் ஜாங் ஷீச்சென் ஆசிரியரானதும் அதன் போக்கு மாறியது. மறு ஆண்டே மணமுறிவுக்கு ஒரு சிறப்பிதழ், குடும்பக் கட்டுப்பாட்டுக்காகப் போராடிய அமெரிக்கப் பெண்மணி மார்கரெட் சாங்கரின் சீன வருகையை ஒட்டிக் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒரு சிறப்பிதழ் எனத் துணிந்து வெளியிட்டார். 1925 ஜனவரியில் புதிய பாலியல் ஒழுக்கம் பற்றி அவரும், எழுத்தாளர் லூ சுன்னின் தம்பி ஜோ ஜியென்ரெனும் எழுதியதைப் பீக்கிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் கடுமையாகச் சாடினார். நிர்வாகம் ஆசிரியரின் பக்கம் நிற்கவில்லை. பதவியை இழந்த அவர், 1926இல் "புதிய பெண்" என்ற பொருள்படும் பெயரில் தனி இதழ் கண்டார். பழைய இதழ் 1931 இறுதிவரை வந்தது. மறு மாதமே ஜப்பானியக் குண்டுவீச்சில் அந்தப் பதிப்பகத்தின் அச்சகம் எரிந்துபோனது.

மறுமொழி 2

மேலே சொன்னவை சரி. ஆனால் அந்த இதழை நடத்தியவர்களும் அதில் மிகுதியாக எழுதியவர்களும் ஆண்கள் என்பதை மறக்கக் கூடாது. பெண்ணின் விடுதலை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் தங்களுக்குள் வாதிட்டார்கள். பெண்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "லிங்லோங்"கின் வெளியீட்டாளர் லின் ட்ஸெட்ஸாங்கும் ஆண்தான் என்றாலும், பெண்கள் பகுதியைக் கவனித்தவர் சென் ஜென்லிங் என்ற பெண். வாசகியர் தங்கள் ஒளிப்படங்களையும் கடிதங்களையும் அனுப்பினார்கள்; காதல், திருமணம், ஏமாற்றம் எனத் தங்கள் சிக்கல்களை எழுதிக் கேட்டார்கள். முப்பதுகளில் மாணவியர் ஒவ்வொருவர் கையிலும் இது இருந்தது என்று எழுத்தாளர் அய்லீன் சாங் பின்னாளில் எழுதியிருக்கிறார். அலங்காரக் குறிப்பும் ஆண்களிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்லும் அறிவுரையும் அடுத்தடுத்த பக்கங்களில் வருவதை முரண்பாடு என்று நான் நினைக்கவில்லை. ஒரே பெண்ணுக்கு இரண்டுமே தேவைப்பட்டன.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அட்டைப்படங்களோடு நின்றுவிட்டது என் பிழை. சீனம் அறிந்த தோழி ஒருவரின் துணையோடு இனி வாசகியர் கடிதங்களிலிருந்து தொடங்குகிறேன்; 1937இல் போர் ஷாங்காயை எட்டுவதற்கு முந்தைய கடைசி இதழ்களில் அவர்கள் எதைப் பற்றிக் கேட்டார்கள் என்பதை முதலில் பார்க்க விரும்புகிறேன்.