பின்னால் டிஸ்க் போட்டதிலிருந்து பிரேக் சரியாக இல்லை, உதவி தேவை

வாகனம் 1987 சுசுகி எஸ்ஜே413 ஜீப், இடம் தலவாக்கலை. மூன்று வாரத்துக்கு முன் பின்பக்க ட்ரம் பிரேக்கைக் கழற்றி டிஸ்க் பிரேக் போட்டேன். பெடல் பாதி வரை இறங்கியது, பின் பிரேக் பிடிப்பதே தெரியவில்லை. சரி, ட்ரம்முக்காக அழுத்தத்தைக் குறைக்கும் பழைய வால்வுதான் காரணம் என்று அதைக் கழற்றினேன். இப்போது தலைகீழ். மழையில் இறம்பொடை இறக்கத்தில் பின்சக்கரம் முதலில் லொக்காகி (சுழலாமல் நின்று சறுக்கி), வண்டியின் வால் பள்ளத்துப் பக்கம் இழுக்கிறது. கூட வந்த மச்சான் இனி ஏறமாட்டானாம்.

பிரேக் லைனிலிருந்து இரண்டு தடவை எயார் எடுத்தாயிற்று. பேட் புதிது, லீக் இல்லை. கையால் திருகும் அழுத்த வால்வும் போட்டேன். முழுக்கக் குறைத்தாலும் வெறும் வண்டியில் லொக்காகிறது, பின்னால் ஆள் இருந்தால் பரவாயில்லை. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைத் தள்ளும் பகுதி) பழையதுதான்.

பின்னுக்குச் சின்ன பிஸ்டன் உள்ள காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) தேடுவதா, சுமைக்கேற்ப அழுத்தத்தை மாற்றும் வால்வு போடுவதா?