நான்கு பேருக்கு ஒரு துண்டு இறைச்சி

சரக்குக் கப்பல்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் மாலுமியாக வேலை பார்த்தவன் நான். துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் பல நாட்கள் நங்கூரமிட்டுக் கிடந்த ஒரு சமயத்தில்தான், எட்வர்ட் பார்லோ என்ற ஆங்கில மாலுமி தம் கைப்பட எழுதி, 1934-இல் இரண்டு தொகுதிகளாக அச்சான நாட்குறிப்பைப் படித்தேன்.

1642-இல் மான்செஸ்டருக்கு அருகே ஏழைக் குடும்பத்தில் பிறந்த பார்லோ, துணி வெளுக்கும் தொழில் பிடிக்காமல் லண்டனுக்குப் போய், 1659-இல் கப்பலில் வேலை பழகச் சேர்ந்தார். பிறகு வணிகக் கப்பல்களிலும் போர்க்கப்பல்களிலும் மாறி மாறி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடினார். நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க முடியவில்லை என்று அவர் புலம்பும் இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. எங்களுக்காவது நான்கு மணி நேர வாட்ச் (முறைவேலை) முடிந்தால் எட்டு மணி நேரம் ஓய்வு உண்டு. அக்காலத்தில் ஆட்களை இரண்டே பிரிவாகப் பிரித்ததால் நான்கு மணி நேர வேலை, நான்கு மணி நேர ஓய்வு என்றே மாதக்கணக்கில் ஓடியிருக்கிறது. காற்று முறுகினால் அந்த ஓய்வும் பாய்மரத்தின் மேல்தான் கழியும்.

ஒரு கிறிஸ்துமஸ் நாளில், இரண்டு மூன்று ஆண்டுகள் உப்புநீரில் ஊறிய மாட்டிறைச்சியில் ஒரு சிறு துண்டை நான்கு பேருக்குக் கொடுத்ததாக அவர் எழுதுகிறார். எங்கள் சமையற்காரரைப் பற்றி அதுவரை நான் சொல்லிவந்த குறைகளை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

சம்பளத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். சமாதான காலத்தில் மாதம் ஏறத்தாழ 25 ஷில்லிங் சம்பளம். அதையும் பெரும்பாலும் பயணம் முடிந்த பிறகே எண்ணிக் கொடுத்தார்கள். சரக்கு கரை சேர்ந்து வாடகை கிடைத்தால்தான் மாலுமிக்குக் கூலி என்பது அன்றைய சட்டம், ஆகவே கப்பல் மூழ்கினால் உயிர் பிழைத்தவனுக்கும் கையில் ஒன்றும் இராது. சரக்கு நனைந்து கெட்டால், தவறு யாருடையதானாலும், அந்த நட்டத்தை மாலுமிகளின் தலையில் கட்டிப் பிடித்தம் செய்தார்கள் என்று பார்லோ கொதிக்கிறார். நான்கு மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்த ஒரு நிறுவனத்தில் இருந்தவன் என்பதால், அந்தக் கோபம் எனக்குப் புதிதாக இல்லை.

1672-இல், போர் மூண்ட செய்தி எட்டாமலேயே கிழக்கிந்தியக் கடலில் டச்சுக்காரர்களிடம் சிக்கி, பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) கைதியாக இருந்தபோதுதான் அவர் இந்த நாட்குறிப்பை எழுதத் தொடங்கினார். கப்பல்களையும் கரைகளையும் வண்ணத்தில் வரைந்தும் வைத்திருக்கிறார்.

அவரை நம்மில் ஒருவராகவே எண்ணியிருந்தேன். 2018-இல், கிரீனிச் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் மூலப்பிரதியைச் செப்பனிட்டவர்கள், ஒரு பக்கத்தின் மேல் பார்லோவே ஒட்டியிருந்த தாளைப் பிரித்தார்கள். பின்னாளில் தம் மனைவியான மேரி சைமன்ஸ் என்ற பணிப்பெண்ணைத் தாம் வன்புணர்ந்ததை அவர் முதலில் ஒப்புக்கொண்டு எழுதி, பிறகு மென்மையாக மாற்றிய வாசகத்தை அதன் மேல் ஒட்டி மறைத்திருக்கிறார். அச்சில் நான் படித்திருந்தது மேலே ஒட்டிய தாளைத்தான்.

என்னிடம் அந்தத் தொகுதிகளைக் கேட்ட இளைய மாலுமி ஒருவரிடம், இந்தச் செய்தியை ஒரு காகிதத்தில் எழுதி உள்ளே வைத்தே கொடுத்தேன்.