கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு: மதுரைக்காரர்கள் எங்கே தங்குவது?

கே.கே. நகர், மதுரை

கப்பலில் எந்தத் தளத்தில் அறை எடுப்பது, சன்னல் உள்ள அறையா இல்லாத அறையா என்று மாதக்கணக்கில் ஆராயும் நம் ஊர்க்காரர்கள், அதற்கு முந்தைய இரவு தங்கப்போகும் விடுதியை மட்டும் கடைசி வாரத்தில் விலையைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். சென்னையோ கொச்சியோ சிங்கப்பூரோ, எங்கே ஏறினாலும் விடுதியைத் தேடும் முன் இரண்டு செய்திகள் கையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த ஊரில் நாம் எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்பது ஒன்று; துறைமுகத்தின் எந்த வாயிலுக்கு எத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது மற்றொன்று. அறையிலிருந்து கடல் தெரியுமா, காலைச் சிற்றுண்டி உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எங்கள் குடும்பம் சென்னையில் ஏறியது. 2022 ஜூனில் கோர்டீலியா சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய பிறகு, நம் பக்கத்திலிருந்து கப்பல் ஏறப் போவோர் பெருகிவிட்டார்கள். மும்பையில் மழை வலுக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் கப்பல் பெரும்பாலும் இந்தப் பக்கம் வருகிறது. துறைமுகம் ராஜாஜி சாலையில், பாரிமுனைக்கும் கடற்கரை ரயில் நிலையத்துக்கும் எதிரே நீண்டு கிடப்பதால், வரைபடத்தில் பார்ப்பவர்களுக்குப் பாரிமுனையில் அறை எடுப்பதே புத்திசாலித்தனமாகத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாரிமுனையும் மண்ணடியும் பகலில் மொத்த வியாபாரத்தால் நெரியும். கடைகள் அடைத்தபின் ஆள் நடமாட்டம் குறைந்து, சரக்கு லாரிகள் மட்டும் நிற்கும். அங்குள்ள லாட்ஜுகள் சரக்கு வாங்க வரும் வியாபாரிகளை நம்பி நடப்பவை. குழந்தைகளோடும் பெட்டிகளோடும் இரவு பத்து மணிக்குப் போய் இறங்குவதற்கு ஏற்ற இடம் என்று அதைச் சொல்ல மாட்டேன்.

எழும்பூர்தான் நமக்கு வாகானது. மதுரையிலிருந்து போகும் வைகை, பாண்டியன், தேஜஸ் ரயில்கள் அங்கேதான் போய் நிற்கின்றன. துறைமுகம் அங்கிருந்து ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர்தான். நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன், நம் டவுன் ஹால் ரோடு போலவே வரிசையாக விடுதிகள் உள்ள தெரு. இரவு நெடுநேரம் வரை சாப்பாட்டுக் கடைகளும் வெளிச்சமும் இருக்கும். ஆனால் எழும்பூர் நிலையச் சீரமைப்பு வேலைகளையொட்டிச் சில ரயில்களைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுவதும் நடக்கிறது என்பதால், பயணச் சீட்டு எடுக்கும்போதே கடைசி நிலையம் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சென்னையின் நடுத்தர லாட்ஜுகளில் பெரும்பாலும் இருபத்து நான்கு மணி நேரக் கணக்கு; பெரிய ஹோட்டல்களில் மதியம் பன்னிரண்டு மணிக் கணக்கு. பாண்டியனில் முந்தைய நாள் விடியுமுன் இறங்கி ஐந்தரை மணிக்கு லாட்ஜில் அறை எடுத்தவர், மறுநாள் கப்பல் ஏறும் நாளில் அதே ஐந்தரை மணிக்குக் காலி செய்ய வேண்டும், அல்லது இன்னொரு நாள் வாடகை கட்ட வேண்டும். மாலை மூன்று மணிக்குத் தேஜஸில் ஏறி இரவு ஒன்பதரை மணி வாக்கில் இறங்குபவருக்கோ அதே கணக்கு முழுக்க முழுக்கச் சாதகம்: மறுநாள் மதியம் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டுப் பிற்பகலில் துறைமுகத்துக்குப் புறப்படலாம். பெரிய ஹோட்டலில் இரவு ஒன்பதரைக்கு நுழைந்தால் அதே பணத்துக்குப் பதினைந்து மணி நேரம்கூடக் கிடைக்காது. ஆகவே விடுதியை முடிவு செய்தபின் ரயிலைத் தேடாமல், ரயிலை முடிவு செய்துவிட்டு அதற்கு ஒத்துவரும் கணக்குள்ள விடுதியைத் தேட வேண்டும்.

ஆகஸ்டில் போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. சுதந்திர தினக் கொடியேற்றம் புனித ஜார்ஜ் கோட்டையில் நடப்பதால், அன்று காலையிலும் அதற்கு முந்தைய ஒத்திகை நாள்களிலும் ராஜாஜி சாலையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்த நாள்களில் மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் விடுதி இருப்பது பெரிய உதவி. எழும்பூரில் ஏறிச் சென்ட்ரலில் மாறினால், உயர் நீதிமன்றம், மண்ணடி நிலையங்கள் துறைமுகப் பக்கத்திலேயே உள்ளன.

திருநகர், மதுரை

கே.கே. நகர் ஐயா எழுதியது பயனுள்ளது. நானும் வயதான என் அம்மாவும், மலேசியாவிலிருந்து வந்திருந்த என் சித்தி மகளும் ஆண் துணையின்றிச் சென்றோம் என்பதால், பெண்கள் பார்க்க வேண்டியவற்றைச் சேர்த்துக்கொள்கிறேன்.

முதலில் சித்தி மகளின் கதை. அவளிடம் இருப்பது மலேசியக் கடவுச்சீட்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர் தங்கினால், அவருடைய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் இணையவழியாக அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் கடமை விடுதிக்கு உண்டு. அந்த வேலைக்குத் தயாராக இல்லாத சிறிய லாட்ஜுகள் அப்படிப்பட்டவர்களை ஏற்பதில்லை. நாங்கள் பணம் கட்டிப் பதிவு செய்திருந்த லாட்ஜிலும் வரவேற்பில் இருந்தவர், எங்கள் இருவருடைய ஆதாரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அவளுடைய கடவுச்சீட்டைக் கண்டதும் மூவருக்கும் அறை இல்லை என்று கூறிவிட்டார். இரவு பத்து மணிக்கு அம்மாவை வாசல் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வேறு இடம் தேடினோம். சிங்கப்பூர், மலேசியச் சொந்தங்கள் இல்லாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. அவர்களையும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறுபவர்கள், முன்பதிவுச் செயலியை நம்பாமல் விடுதிக்கே தொலைபேசியில் பேசி இதைக் கேட்டுவிட வேண்டும்.

பிறகு கிடைத்த விடுதியில் எனக்குப் பிடித்தது அதன் அலங்காரம் அல்ல. வரவேற்பில் இரவு முழுவதும் ஆள் இருந்தார். அறை எண்ணை மற்றவர் காதில் விழும்படி உரக்கச் சொல்லாமல் சாவி உறையில் எழுதிக் கொடுத்தார். கதவில் உள்தாழ்ப்பாளும் சங்கிலியும் இரண்டும் வேலை செய்தன. தரைத்தள அறையைத் தவிர்த்து இரண்டாம், மூன்றாம் மாடியில் கேட்டு வாங்குவது என் வழக்கம். லிஃப்டைத் தவிர இன்னொரு படிக்கட்டு இருக்கிறதா, அது பெட்டிகளும் பழைய மெத்தைகளும் அடைக்காமல் திறந்து கிடக்கிறதா என்பதையும் படுக்கும் முன் ஒருமுறை நடந்து பார்த்துவிடுவேன். அம்மாவுக்கு இது வேடிக்கையாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

கிளாம்பாக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 2023 டிசம்பர் இறுதியில் அந்தப் பேருந்து நிலையம் திறக்கப்பட்ட பிறகு மாட்டுத்தாவணியில் ஏறும் தென்மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து துறைமுகம் முப்பது கிலோமீட்டருக்கும் மேல். பேருந்தில் போகிறவர்கள் வண்டலூர், தாம்பரம் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று தங்கிவிட்டால், கப்பல் நாளன்று ஜி.எஸ்.டி. சாலை நெரிசலைக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

திருமங்கலம்

ஓர் ஐயம். முந்தைய இரவு தங்காமல், கப்பல் நாளன்று விடியற்காலை பாண்டியனில் இறங்கி, எழும்பூர் நிலையத்தின் ஓய்வறையில் குளித்துவிட்டு நேரே துறைமுகம் போவது சரிப்படுமா, ஐயா? எங்களுக்கு விடுமுறை அவ்வளவுதான்.

கே.கே. நகர், மதுரை

ஓய்வறை கிடைத்தால் சரிப்படும், தம்பி. பயணச் சீட்டின் பி.என்.ஆர். எண்ணை வைத்து ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக முன்பதிவு செய்யலாம். ஆனால் அறைகள் குறைவு, சீக்கிரம் தீர்ந்துவிடும். என் தயக்கம் ஓய்வறையைப் பற்றியதன்று. ரயில் மூன்று மணி நேரம் தாமதமானாலும் உங்களுக்குப் பொழுது இருக்கும். வழியில் ஏதேனும் நேர்ந்து எட்டு மணி நேரம் தாமதமானால், கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது, கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது. கப்பல் மாலையில்தானே புறப்படுகிறது என்று எண்ண வேண்டாம். ஏறுவதற்கான பதிவைப் புறப்பாட்டுக்கு வெகுநேரம் முன்பே மூடிவிடுவார்கள். அந்த நேரம் உங்கள் பயணச் சீட்டிலேயே அச்சாகியிருக்கும். தங்குவதற்கு விடுமுறை இல்லையென்றால், முந்தைய நாள் அரை நாள் விடுப்பெடுத்துத் தேஜஸில் போவதைப் பரிந்துரைப்பேன்.

மேலூர்

நாங்கள் சிங்கப்பூரில் ஏறியவர்கள். மதுரையிலிருந்தே நேரடி விமானம் இருப்பதால் சென்னையைவிட அதுவே சுலபம் என்று எங்கள் வீட்டில் ஒரு கட்சி உண்டு. ஆனால் அங்கே கப்பல் முனையங்கள் இரண்டு என்பதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் 2012-இல் திறந்த மரீனா பே முனையத்திலிருந்து புறப்படுகின்றன. ஹார்பர்ஃபிரண்ட்டில் இருப்பது பழைய முனையம். வாடகை வண்டிக்காரரிடம் வெறுமனே கப்பல் முனையம் என்று சொன்னால் அவர் எதற்கும் கொண்டுபோய்விடலாம்.

நம்மவர்கள் கண்ணை மூடிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் அறை எடுப்பார்கள். நாங்களும் அங்கேதான் தங்கினோம், குறை சொல்வதற்கில்லை. சைவச் சாப்பாடு வாசலிலேயே கிடைக்கும். முஸ்தபா கடை நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து ஹார்பர்ஃபிரண்ட்டுக்கு ஒரே ரயிலில் போய்விடலாம். மரீனா பே முனையம் என்றால் தோபி காட்டில் இறங்கி மாறி, மரீனா சவுத் பியர் வரை செல்ல வேண்டும்; பெரிய பெட்டிகளோடு அந்த மாற்றம் சிரமம்தான் என்பதால் நாங்கள் வாடகை வண்டி எடுத்தோம். ஞாயிறு மாலையில் சிராங்கூன் சாலை விடுமுறைக்கு வரும் தொழிலாளர்களால் நிறைந்துவிடும். வார இறுதியில் அந்தப் பகுதியின் பொது இடங்களில் மது அருந்த முற்றிலும் தடை இருப்பதால் கூட்டத்தைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் அமைதி வேண்டுவோர் பின்தெருவில் அறை கேட்பது நலம். விலை குறைந்த அறைகள் பலவற்றில் சன்னலே இருக்காது. பதிவு செய்யும்போதே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள், நாம்தான் படிப்பதில்லை.

தெரிந்தவரின் அடுக்கக வீட்டில் ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசித் தங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அங்கே தனியார் அடுக்ககங்களை 3 மாதத்துக்கும், அரசு வீட்டுவசதிக் குடியிருப்புகளை 6 மாதத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பானது. உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு, பணம் கொடுத்துத் தங்குவது வேறு.

விடியற்காலையில் சாங்கியில் இறங்குபவர்களுக்கு அறை பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் தருவார்கள். பெட்டிகளை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளும் விடுதியா என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்டால், அந்த இடைவெளியில் வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு வரலாம்.

உசிலம்பட்டி

எங்களுடையது லட்சத்தீவுக் கப்பல், கொச்சி வில்லிங்டன் தீவிலிருந்து. சொகுசுக் கப்பல் அல்ல என்றாலும் முந்தைய இரவுச் சிக்கல் ஒன்றுதான். அமிர்தா எக்ஸ்பிரஸில் போனால் எர்ணாகுளம் நார்த்தில் இறங்குவது நள்ளிரவையொட்டி. அந்த நேரத்தில் வில்லிங்டன் தீவுக்குள் விடுதி தேடிப் போவதைவிட, நிலையத்துக்கு அருகிலேயே தங்கிக் காலையில் துறைமுகம் செல்வது மேல். நள்ளிரவுக்குப் பிறகுதான் வருவோம் என்று முன்னதாகச் சொல்லாவிட்டால், வராதவர் என்று கருதி அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதனால் பாலக்காடு தாண்டியதும் என்றில்லாமல், மதுரையில் ரயில் ஏறியவுடனேயே ஒரு தொலைபேசி செய்துவிடுங்கள்.

லட்சத்தீவுக் கப்பல்களின் அட்டவணை கடலின் நிலையைப் பொறுத்து மாறக்கூடியது. எனவே திரும்பப் பெற முடியாத மலிவு விலையை விட்டுவிட்டு, சற்றுக் கூடுதலானாலும் தேதியை மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டணத்தில் அறை எடுத்தோம். கப்பல் ஒரு நாள் தள்ளிப்போனபோது அதே அறையை மறுநாளுக்கும் நீட்டித்துக் கொடுத்தார்கள். எங்களோடு வந்த இன்னொரு குடும்பம் புதிதாக அறை தேடி அலைந்தது.