இளங்கலைக் கணிதச் செய்முறைத் தாளுக்கு எந்த மென்பொருள்?

கணித ஆசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம். கீழக்கரைப் பக்கமுள்ள ஒரு கல்லூரியில் இளங்கலைக் கணிதம் கற்பிக்கும் எனக்கு, அடுத்த பருவத்தின் செய்முறைத் தாளுக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வந்துள்ளது. மாணவர்களில் பலர் வீட்டில் கணினி இல்லாத மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். ஆய்வகத்தில் இருப்பவையோ உப்புக்காற்றுக்குத் தப்பிய பழைய விண்டோஸ் கணினிகள். ஆகவே மேட்லாப், மேத்தமெட்டிகா போன்று உரிமக் கட்டணம் கேட்பவற்றை நான் கருதவில்லை.

கட்டணமற்ற மென்பொருள்களான சேஜ்மேத், மாக்சிமா, சைலேப் ஆகியவற்றையே ஒப்பிடுகிறேன். 2005இல் வெளிவந்த சேஜ்மேத்தில் நுண்கணிதமும் குலக் கோட்பாடும் எண் கோட்பாடும் ஒரே இடத்தில் கிடைப்பதும், பைத்தானை ஒட்டிய அதன் கட்டளைகளைக் கற்றவர்களுக்கு அது பின்னாளில் வேலைக்கும் உதவும் என்பதும் என்னை ஈர்க்கின்றன. ஆனால் அது அளவில் பெரியது, விண்டோஸில் நிறுவுவதற்கு, அதற்குள்ளேயே லினக்ஸை இயக்கும் துணையமைப்பும் (WSL) வேண்டும். மாக்சிமா பழைய கணினியிலும் ஓடும். வகையிடலையும் தொகையிடலையும் குறியீடாகவே செய்துதரும். குலக் கோட்பாடு வரும் இயற்கணிதத் தாளுக்குத்தான் போதாது. சைலேப் எண்முறைகளுக்கு ஏற்றது. அதற்கான மும்பை ஐஐடியின் பயிற்சிக் காணொளிகள் தமிழிலும் உள்ளன என்பது எங்கள் மாணவர்களுக்குச் சிறிய உதவியன்று.

சேஜ்மேத்தை ஒரே ஒரு நல்ல கணினியில் நிறுவி, இணையமின்றி உள்வலையமைப்பின் வழியாக மற்றக் கணினிகளின் உலாவியில் பயன்படுத்தியவர்கள் இங்கு இருக்கிறீர்களா? முப்பது பேர் ஒருசேர இயக்கினால் எவ்வளவு நினைவகம் தேவைப்படும் என்பதையும், ஒரே பருவத்தில் இரண்டு மென்பொருள்களைக் கற்பிப்பது (எனக்கு உடன்பாடில்லை) நடைமுறையில் சரிவருமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.