மெட்டலைஸ்டு பெட் ஃபிலிமில் பின்ஹோல்: ஓ.டி. சரியாக இருந்தும் ஓ.டி.ஆர். ஏறுகிறது

கேள்வி: வைண்டர்_3

அலுமினியம் ஆவியைப் படியவைக்கும் 12 மைக்ரான் பெட் (பாலியெஸ்டர்) ஃபிலிம், அகலம் 1250 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 480 மீட்டர். லைனில் ஓ.டி. (உலோகப் படலம் ஒளியை மறைக்கும் அளவு) 2.3 முதல் 2.4 வரை ஆடாமல் நிற்கிறது. ஆனால் ஆக்சிஜன் ஊடுருவல் (ஓ.டி.ஆர்.) ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 1 சி.சி. வந்துகொண்டிருந்தது, சில ரோல்களில் 2.5 வரை போகிறது. லைட் டேபிளில் விரித்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 100 பின்ஹோல் (ஊசிமுனை ஓட்டை) தெரிகிறது, பெரும்பாலும் 50 மைக்ரான். ஓட்டையைப் பார்த்தே காரணம் சொல்ல முடியுமா? ஓட்டத்திலேயே பிடிக்க எந்தக் கேமரா சரிப்படும்? ஏற்கெனவே ஓடிய ரோலை மீட்க வழி உண்டா?

பதில் 1: போட்_பவர்

சார், அந்த 100 ஓட்டைகள்தான் ஓ.டி.ஆரை ஏற்றுகின்றன என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். உலோகம் ஏறாத 12 மைக்ரான் பெட் விடுவது 115 சி.சி. அளவுக்கு. 50 மைக்ரான் ஓட்டை 100 இருந்தாலும் மொத்தப் பரப்பு சதுர மீட்டரில் கோடியில் இரண்டு பங்குதான். ஓட்டைக்குக் கீழே வாயு பக்கவாட்டில் பரவுவதையும் சேர்த்தால் (1 + 1.18 × தடிமன் ÷ ஓட்டையின் ஆரம்) மடங்கு, அதாவது சுமார் 1.6. எல்லாம் பெருக்கினால் ஒரு சி.சி.யில் 28,000இல் ஒரு பங்குதான் வரும். உங்களுக்கு ஏறியிருப்பதோ ஒன்றரை சி.சி.

அதே சூத்திரத்தில் 5 மைக்ரான் ஓட்டையைப் போடுங்கள். மடங்கு 6.7 ஆகிவிடும். அந்த அளவு ஓட்டை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 65 இருந்தாலே 1 சி.சி., 165 இருந்தால் 2.5 சி.சி. இவை லைட் டேபிளில் தெரியவே தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் கீழிருந்து ஒளி விட்டு, 100 மடங்கில், அகலம் நெடுக ஐந்தாறு இடத்தில் எண்ணுங்கள். நல்ல ரோல் ஒன்றையும் பக்கத்தில் வைத்து எண்ணினால்தான் வித்தியாசம் பிடிபடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: உருகிய அலுமினியத் துளி தெறித்து ஃபிலிமையே துளைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வெள்ளைத் தாளின் மேல் ஃபிலிமை வைத்து நிறம் கலந்த கரைப்பானைத் தடவுங்கள். தாளில் புள்ளி விழுந்தால் ஓட்டை பெட்டையும் தாண்டிவிட்டது.

இனி வடிவம். ஓரம் உருகி வளையமாகத் தடித்திருந்தால் அது தெறிப்பு. ஒரு போட்டுக்கு (அலுமினியத்தை உருக்கி ஆவியாக்கும் சிறு தொட்டி) நேர் மேலே, ஒரே தடத்தில் வரும். போட்டில் கசடு சேர்ந்திருக்கும், அல்லது வயர் ஃபீட் (அலுமினியக் கம்பி ஊட்டும் வேகம்) கூடிக் குட்டை வழிந்திருக்கும், அல்லது வயரில் இழுப்பு எண்ணெய் மிச்சம் இருக்கும். புதுப் போட்டை அவசரமாகச் சூடேற்றினாலும் தெறிக்கும். குழி முழுக்க அலுமினியம் நனைந்து பரவும்வரை ஷட்டரைத் திறக்கக் கூடாது.

ஓரம் கூர்மையாக, நூல் போலவோ கோணல்மாணலாகவோ இருந்தால் தூசி. தூசியின் மேல் உலோகம் படிந்து, அடுத்த ரோலரில் தூசி உதிரும்போது ஜன்னல் மிஞ்சுகிறது. ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வந்தால் இடைவெளியை 3.14ஆல் வகுங்கள், 377 மி.மீ. என்றால் 120 மி.மீ. விட்டமுள்ள ரோலரைத் துடைக்க வேண்டும். சிறு ஓட்டைகள் எங்கும் சமமாகப் பரவியிருந்தால் ஆன்டிபிளாக் துகளையும் (ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சேர்ப்பது) உலோகத்தின் ஒட்டுதலையும் சந்தேகப்படுங்கள். டேப் ஒட்டி உரித்துப் பாருங்கள். உலோகம் டேப்போடு வந்தால் ட்ரீட்மென்ட் (உலோகம் பிடிக்க ஃபிலிம் பரப்பைப் பதப்படுத்துவது) போதவில்லை, ரோல் பிரியும்போது உலோகம் பின்பக்கத்துக்குப் போய்விடுகிறது. உங்கள் அறிகுறிக்கு நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பதில் 2: லைன்ஸ்கேன்

ஓ.டி. சென்சார் அசையாததில் வியப்பில்லை. அது பெரிய பரப்பின் சராசரியைக் காட்டுகிறது, ஓ.டி. 2.3 என்றால் 0.5 சதவீத ஒளி, அதில் கோடியில் இரண்டு பங்கு கூடினால் எப்படித் தெரியும்?

கேமராவுக்கு: கோடு கோடாகப் படமெடுக்கும் லைன்ஸ்கேன் கேமரா வேண்டும். 480 மீட்டர் என்றால் நொடிக்கு 8 மீட்டர். ஓட்டத் திசையில் 0.1 மி.மீ. வேண்டுமென்றால் நொடிக்கு 80,000 கோடு. அகலத்துக்கு 8192 பிக்சல் கேமரா இரண்டு, நடுவில் சிறிது ஒன்றன்மேல் ஒன்று விழும்படி. 100 மைக்ரான் பிக்சலில் 20 மைக்ரான் ஓட்டை 3 சதவீதப் பரப்பு. ஓட்டத்தில் இரண்டு கோடுகளில் சிதறிப் பாதியானாலும், சுற்றியுள்ள 0.5 சதவீதத்தைவிட அந்தப் பிக்சல் நாலு மடங்கு பிரகாசமாகத் தெரியும். 5 மைக்ரான் அப்படியில்லை. அது கூட்டும் ஒளி, ஓ.டி. 2.4இலிருந்து 2.3க்கு இறங்கினால் கூடும் ஒளியளவுதான். ஆகவே தெறிப்பு, தூசி, கீறலைக் கேமரா பிடிக்கும். போட்_பவர் சொன்ன சிறு ஓட்டைக்கு மைக்ரோஸ்கோப்பை விட்டால் வழியில்லை.

வாக்குவம் சேம்பருக்குள் வைத்தால் கண்ணாடியில் அலுமினியம் படியும். ரிவைண்டரில் (ரோலை மறுபடி சுற்றும் இயந்திரம்) வைப்பதே நிம்மதி. உலோகம் படாத இரு ஓரத்தையும் கட்டாயம் மறைத்துவிடுங்கள். அந்த வெளிச்சம் பக்கத்துப் பிக்சல்களைக் குருடாக்கிவிடும். என்கோடரோடு (ஓடிய நீளத்தை அளக்கும் கருவி) இணைத்து மீட்டர் குறியுடன் வரைபடம் எடுத்தால், ஓட்டைத் தடத்தைப் போட் எண்ணோடு பொருத்திப் பார்க்கலாம்.

வைண்டர்_3

டேப் டெஸ்டில் உலோகம் திட்டுத்திட்டாக வருகிறது. சாயம் தாளில் இறங்கவில்லை. கையில் இருக்கும் ரோல்களை என்ன செய்வது?

பதில் 3: கோட்டிங்_மேசை

சாயம் இறங்காததால் பிழைத்தீர்கள். துளைத்த ஃபிலிம் என்றால் ஸ்லிட்டரில் அந்த மீட்டரை வெட்டி ஒட்டுவது ஒன்றே வழி.

இரண்டாவது முறை மெட்டலைஸ் செய்வது தூசி ஜன்னலை மூடும். ஆனால் அடியில் ஒட்டுதல் இல்லாத உலோகத்தின் மேல் இன்னொரு அடுக்கு போட்டால் இரண்டும் சேர்ந்து உரியும். உங்கள் ரோல்களுக்கு வேண்டாம். பி.வி.ஓ.எச். (பாலிவினைல் ஆல்கஹால்) மேல்பூச்சு ஆக்சிஜனை நன்றாக அடைக்கும், ஈரத்தில் வலுவிழக்கும். ஆனால் அதற்கும் இதே ஒட்டுதல் சிக்கல் உண்டு.

லேமினேஷனில் (இன்னொரு ஃபிலிமோடு ஒட்டுவது) உலோகப் பக்கத்தில் பசை போட்டால் (சால்வென்ட்லெஸ், அதாவது கரைப்பான் இல்லாதது, சதுர மீட்டருக்கு 1.5 முதல் 2 கிராம்) சிறு ஓட்டைகள் நிரம்பும், மேலும் உராய்ந்து உதிர்வதும் நிற்கும். ஆனால் உலோகம் பெட்டை விட்டுப் பிரியும் ஆபத்து பாக்கி. ஒரு துண்டை லேமினேட் செய்து, பசை முழுதாக இறுகியபின் உரிப்பு வலுவையும் ஓ.டி.ஆரையும் சேர்த்து அளந்து பாருங்கள். பிரியும்போது உலோகம் பசையோடு போனால், தடுப்புத் தேவையில்லாத அலங்காரச் சரக்குக்கு ஒதுக்குங்கள். சாம்பிளை ரோலின் வெளிச்சுற்றில் வெட்டாதீர்கள், கைபட்டுக் கீறிய இடம் அது. 20 மீட்டர் உள்ளே போய் எடுங்கள்.